துளைக்குள் போன மருந்து வெளியே வருமா?

3 ஜூன், காலை 9.15 (வாசகர் கேள்வி)

பெங்களூர் பீன்யாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் ட்ரெய்னியாகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. தண்ணீரில் கரையாத ஒரு மருந்தை நுண்துளை சிலிக்காத் துகளில் ஏற்றச் சொல்கிறார் சீனியர். ஏற்றினால் சீக்கிரம் கரையுமாம். எனக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. கரைய மாட்டேன் என்று அடம்பிடிக்கிற ஒன்றைப் பிடித்துப் பொந்துக்குள் அடைத்தால் இன்னும் தாமதமாகத்தானே வெளியே வரும்? மெதுவாக விடுவிக்கிற மாத்திரைக்குச் செய்கிற வேலை இல்லையா இது? கேட்டால் "செஞ்சு பாரு, தெரியும்" என்கிறார். யாராவது சொல்லுங்கள்.

3 ஜூன், இரவு 10.50

பொம்மசந்திரா பக்கம் பதினோரு வருடமாக ஃபார்முலேஷன் (மருந்தை மாத்திரை, கேப்ஸ்யூலாக வடிவமைக்கிற) வேலை பார்க்கிறேன். நானும் இதே கேள்வியைக் கேட்டு இதே பதிலைத்தான் வாங்கினேன்.

மருந்து அடைபட்டிருப்பது துளைக்குள் இல்லை, தன்னுடைய படிகத்துக்குள். படிகத்தில் ஒவ்வொரு மூலக்கூறும் பக்கத்தில் இருப்பதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கிறது, தண்ணீர் அந்தப் பிடியைத் தளர்த்தினால்தான் ஒன்று கழன்று வரும். எவ்வளவு நைசாக அரைத்தாலும் மில் ஒரு எல்லைக்கு மேல் போகாது. ஐந்து மைக்ரான் வரை அரைத்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள், மூலக்கூறு ஒன்றுக்கு ஒரு நானோமீட்டர் என்றால் அந்தத் தூளிலும் குறுக்கே ஐயாயிரம் மூலக்கூறு நிற்கும். ஆறு நானோமீட்டர் துளையில் குறுக்கே ஆறுதான். வரிசை கட்ட ஆளில்லை. அதனால் மருந்து அங்கே ஒழுங்கில்லாமல், எங்கள் பாஷையில் அமார்ஃபஸாகக் கிடக்கிறது, தண்ணீர் பட்டதும் கழன்றுகொள்ளத் தயாராக.

நாய்ஸும் விட்னியும் 1897-இல் பென்சாயிக் அமிலத்தையும் லெட் குளோரைடையும் கரைத்துப் பார்த்து எழுதிய விதியை, இன்று நாம் எழுதுகிற வடிவத்தில் எடுத்துப் பாருங்கள். கரையும் வேகம் பரப்பைப் பொறுத்தது, அப்புறம் அதிகபட்சம் எவ்வளவு கரையும் என்பதற்கும் இப்போது எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதற்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்தது. துளைத்துகள் இரண்டையும் கூட்டுகிறது. நியூசிலின் யூஎஸ்2 என்ற பொடிக்குக் கிராமுக்குச் சுமார் 300 சதுர மீட்டர் பரப்பு. பெங்களூர்க்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால் முப்பதுக்கு நாற்பது அடி சைட் கிட்டத்தட்ட மூன்று, ஒரே கிராமில். ஜிகணியில்கூட அந்த விலைக்குக் கிடைக்காது.

வெளியே வர நேரம் ஆகாதா என்றால், கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐம்பது மைக்ரான் துகளின் நடுவிலிருந்து விளிம்புக்கு இருபத்தைந்து மைக்ரான் தூரம். சாதாரண மருந்து மூலக்கூறு தண்ணீரில் பரவுகிற வேகத்துக்கு அது ஓரிரு விநாடி. துளையின் வளைவு நெளிவுக்காகப் பத்து மடங்கு தாமதம் என்று வைத்தாலும் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். சாம்பார் இட்லியை நினைத்துக்கொள்ளுங்கள், கிண்ணத்தில் போட்ட மாத்திரத்தில் சாம்பார் உள்ளே போய்விடுகிறது, பிழிந்தால் வந்தும் விடுகிறது.

4 ஜூன், காலை 7.40

இட்லி உவமை தப்பு. வீட்டுக்காரர் படித்துவிட்டுக் காபியோடு வந்து நிற்கிறார்: "இட்லி ஊறும், உப்பும், நாலு நிமிஷத்தில் உடையும். உன் சிலிக்கா உப்புமா?" உப்பாது. அவர் சிவில் இன்ஜினியர், கல் மண் விஷயத்தில் வாயைத் திறக்க முடியாது. குதிகால் தேய்க்கிற நுரைக்கல்லை வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குடிக்கும், ஆனால் உருவம் மாறாது. இட்லி மாதிரி உப்புகிறது என்றால் அது செல்லுலோஸ் சமாச்சாரம், வேறு கதை.

4 ஜூன், இரவு 11.20

இந்தத் துளைகளின் பூர்வீகம் மருந்துத் துறை இல்லை, எண்ணெய்க் கம்பெனி. 1992-இல் மொபில் ஆய்வகத்தில் எம்சிஎம்-41 என்ற சிலிக்காவைச் செய்தார்கள், தேன்கூடு மாதிரி ஒரே அளவுத் துளைகள் அடுக்கடுக்காக. பெட்ரோலிய மூலக்கூறுகளை உடைக்க வினையூக்கி வேண்டும் என்பதுதான் அப்போதைய தேவை. 1998-இல் கலிஃபோர்னியாவில் இன்னும் அகலத் துளையும் தடித்த சுவரும் கொண்ட எஸ்பிஏ-15 வந்தது. 2 நானோமீட்டருக்குக் கீழே இருந்தால் மைக்ரோ துளை, 2 முதல் 50 வரை மீசோ, அதற்கு மேல் மேக்ரோ என்று கணக்கு. நாம் பேசுவது மீசோ.

படிகம் ஏன் உள்ளே உருவாவதில்லை என்று இன்னொரு தம்பி கேட்டிருக்கிறார். கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். படிகம் என்பது முப்பரிமாணப் புள்ளிக் கோலம். குறைந்தபட்சம் இத்தனை புள்ளி சேர்ந்தால்தான் அது நிலைக்கும், அதற்குக் குறைந்தால் தானே கலைந்துவிடும். துளை அந்த அளவைவிடச் சின்னதாக இருந்தால் கோலம் ஆரம்பிக்கவே முடியாது. மருந்துக்குப் படிகமாக ஆசை இல்லாமல் இல்லை, வாசலில் இடமில்லை.

5 ஜூன், மதியம்

"ஆறு புள்ளியில் எங்கள் பாட்டி அருமையாகக் கோலம் போடுவார்" என்று எழுதியவருக்கு: பாட்டிக்கு வணக்கம். பாட்டி திறமைசாலி, மூலக்கூறு அப்படி இல்லை.

7 ஜூன், இரவு 10.05

இதுவரை எழுதியதைப் படித்தால் எல்லாம் சுலபம் மாதிரி இருக்கிறது, அதனால் நான் சொதப்பிய கதை.

ஆறேழு வருடத்துக்கு முன்னால், வேறொரு இடத்தில். மருந்தை டைகுளோரோமீத்தேனில் கரைத்து, சிலிக்காவைப் போட்டு, ரோட்டாவேப்பரில் கரைப்பானை இழுத்தேன். மொத்தப் பொடியில் நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு மருந்து ஏற்றியபோது எக்ஸ்ஆர்டி (எக்ஸ்ரேயால் படிகம் தேடுகிற சோதனை) படத்தில் ஒரு மேடு மட்டும் வந்தது, கூர்முனை ஒன்றுகூட இல்லை, அதாவது முழுக்க அமார்ஃபஸ். மேனேஜருக்குப் போதவில்லை, கேப்ஸ்யூல் பெரிதாகிறது, நாற்பது ஏற்று என்றார். ஏற்றினேன். எக்ஸ்ஆர்டியில் அப்போதும் கூர்முனை இல்லை. டிசல்யூஷன் (எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்கிற சோதனை) முதல் நாள் பிரமாதம். எல்லாருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தேன், அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

40 டிகிரி, 75 சதவீத ஈரப்பதத்தில் வைத்த ஸ்டெபிலிட்டி சாம்பிளை மூன்றாம் மாதம் எடுத்தால் கரைவது பாதியாகிவிட்டது. டிஎஸ்சி (சூடாக்கி உருகுவதைப் பார்க்கிற சோதனை) போட்டால் மருந்தின் உருகுநிலையில் ஒரு சின்னப் பள்ளம். எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் துகளின் வெளித்தோலில் ஊசி ஊசியாகப் படிகம், ஷேவ் பண்ணாத கன்னம் மாதிரி. நடந்தது என்னவென்றால் துளை நிரம்பியதும் மிச்சம் வெளியே படிந்துவிட்டது. வெளியே வாசல் அகலம், கோலம் போட்டுவிட்டது. முதல் நாள் அது மிகக் கொஞ்சமாக இருந்திருக்கும், எக்ஸ்ஆர்டி கண்ணுக்குச் சில சதவீதத்துக்குக் குறைந்த படிகம் தெரியாது. அந்தக் கொஞ்சமே விதையாகி, ஈரம் வந்ததும் மற்றதையும் வெளியே இழுத்திருக்கிறது.

படிகத்தை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்குத் துறையில் ரிடோனவிர் என்ற எச்ஐவி மருந்தின் கதை இருக்கிறது. 1996-இல் சந்தைக்கு வந்தது, 1998-இல் யாரும் எதிர்பாராத இன்னொரு படிக வடிவம் தலைகாட்டியது, அது இன்னும் கரையாத வகை, கேப்ஸ்யூலையே நிறுத்தி மறுபடி வடிவமைக்க வேண்டி வந்தது. என் கதையில் போனது மூன்று மாதமும் சமோசாக் காசும்தான்.

8 ஜூன், காலை

ஏற்றுகிற அளவை எப்படி முடிவு செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். துளையின் மொத்தக் கொள்ளளவு கிராமுக்கு ஒரு மில்லி என்றால், மருந்தின் அடர்த்தி 1.2 என்று வைத்து, ஒரு கிராம் சிலிக்காவில் 1.2 கிராம் போகும் என்று பேப்பர் சொல்லும். பேப்பரை நம்பாதீர்கள். கரைப்பான் ஆவியாகும்போது மருந்து வாசலிலேயே படிந்து வழியை அடைக்கும், உள்ளே காற்று மாட்டிக்கொள்ளும். இருபது சதவீதத்தில் ஆரம்பித்து ஐந்து ஐந்தாக ஏற்றி, ஒவ்வொன்றையும் டிஎஸ்சியில் பாருங்கள், உருகுநிலைப் பள்ளம் எங்கே முதலில் தெரிகிறதோ அதற்கு ஒரு படி கீழே நில்லுங்கள்.

கரைப்பான் மிச்சத்தையும் பாருங்கள். துளை மருந்தை மட்டுமா பிடிக்கும்? டைகுளோரோமீத்தேனுக்கு ஐசிஎச் (மருந்துகளுக்கான சர்வதேச நெறிமுறை அமைப்பு) வரம்பு 600 பிபிஎம், அசிட்டோனுக்கு 5000. மருந்து அசிட்டோனில் கரைந்தால் அதிலேயே செய்யுங்கள், மனநிம்மதிக்கு.

11 ஜூன், இரவு 9.30

"சிலிக்கா என்றால் மணல். மனிதர்களுக்கு மணலைத் தின்னக் கொடுக்கிறீர்களா?" ஓசூரிலிருந்து ஒருவர், கோபமாக.

மணலும் இதுவும் ஒரே சேர்மானம்தான், மறைக்கவில்லை. ஆனால் மணல் படிகம், இது அமார்ஃபஸ். கல்குவாரியில் நுரையீரலைக் கெடுக்கிற சிலிக்கோசிஸ் மூச்சில் போகிற படிகத் தூசியால் வருவது. அமார்ஃபஸ் சிலிக்காவை மாத்திரைகளில் பொடி ஒட்டாமல் ஓடுவதற்காகப் பல காலமாகச் சேர்க்கிறார்கள். சூப் பொடி, மசாலாப் பாக்கெட் பின்னால் ஐஎன்எஸ் 551 என்று போட்டிருந்தால் அதுவும் இதுதான். மைக்ரான் அளவுத் துகள் பெரும்பாலும் குடல் சுவரைத் தாண்டாது, பெரும்பகுதி வந்த வழியே போய்விடும், கரைகிற கொஞ்சம் சிலிசிக் அமிலமாகச் சிறுநீரில். அதற்காக லேபில் மாஸ்க் இல்லாமல் கொட்டாதீர்கள், அந்தப் பொடி பறக்கிற பறப்பில் மூக்கு ஒரு நாள் முழுக்க வறண்டு கிடக்கும்.

இன்னொன்று, உமி. நெல் உமியை எரித்த சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காதான். எங்கள் ஊர்ப்பக்கம் தாத்தா உமிக்கரியில்தான் பல் தேய்த்தார், எண்பது வயதிலும் முறுக்கு கடித்தார் (அதற்கும் சிலிக்காவுக்கும் சம்பந்தம் உண்டா என்று என்னைக் கேட்காதீர்கள்). உமிச்சாம்பலிலிருந்து மீசோ துளை சிலிக்கா செய்கிற வேலைகள் நிறைய நடந்திருக்கின்றன. மருந்துத் தரத்துக்குச் சுத்தம் செய்கிற செலவுதான் அங்கே இடிக்கும் என்று நினைக்கிறேன்.

13 ஜூன், மாலை

மஞ்சள் பாலில் மிளகு போடுவதும் இதே தத்துவம்தான் என்று ஒருவர் சொல்ல, நாலு பேர் ஆமாம் போட்டிருக்கிறார்கள். இல்லை. மஞ்சளில் உள்ள குர்குமின் தண்ணீரில் கரையாது, அதுவரை சரி. மிளகின் பைப்பரின் அதைக் கரைப்பதில்லை. உடம்பு குர்குமினோடு ஒரு சர்க்கரை அமிலத்தை ஒட்டி வெளியேற்றுகிற வேலையைத் தடுக்கிறது, அதனால் ரத்தத்தில் கூடுதலாகத் தங்குகிறது. இந்த ஆய்வு நம்மூரில் நடந்தது, செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி, கோரமங்களா, 1998. இரண்டு கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது மனிதர்களில் 2000 சதவீதம் கூடியது. எல்லாரும் அந்த எண்ணைத்தான் சொல்வார்கள், தனியாகக் கொடுத்தபோது ரத்தத்தில் இருந்தது மிக மிகக் குறைவு என்பதைச் சொல்ல மாட்டார்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்திலிருந்து எத்தனை மடங்கு கூடினாலும் சதவீதம் பெரிதாகத்தான் தெரியும்.

கரைதிறன் சம்பந்தப்பட்டது அந்தப் பாலில் மிளகு இல்லை, பால்தான். கொழுப்பு. சில மாத்திரைகளைச் சாப்பாட்டோடு போடச் சொல்வதும் அதனால்தான், கொழுப்பு வந்தால் பித்தநீர் சுரக்கும், அது சோப்பு மாதிரி மருந்தைக் கரைத்துக் கொண்டுபோகும்.

14 ஜூன், இரவு 12.10

முதல் நாள் எழுதியதை இன்று திரும்பப் படித்தேன், கேள்வி கேட்ட தம்பியை அவசரமாக மடக்கிவிட்டேன் என்று தோன்றுகிறது. இந்தத் துளைகளில் மருந்தை ஆரம்பத்தில் ஏற்றியவர்கள் அவர் நினைத்த மாதிரியேதான் நினைத்தார்கள். 2001-இல் மாட்ரிட்டில் மரியா வாயெத்-ரெஹி குழு எம்சிஎம்-41 துளையில் இபுப்ரோஃபென் ஏற்றியபோது நோக்கமே மெதுவாக விடுவிப்பது. அப்படித்தான் நடந்தது. துளை குறுகல், இபுப்ரோஃபெனின் அமில முனை சுவரில் இருக்கிற "சிலனால்" என்கிற வேதிக் கொக்கிகளில் மாட்டிக்கொள்கிறது. ஒரே பொருளை வைத்துக்கொண்டு சிலர் தாமதப்படுத்தினார்கள், சிலர் வேகப்படுத்தினார்கள். துளை அகலம், கொக்கியின் பிடி, வெளியே இருக்கிற திரவம், இந்த மூன்றும்தான் எந்தப் பக்கம் சாயும் என்று முடிவு செய்கின்றன. அரை நிமிடத்தில் முடிந்துவிடும் என்று நான் போட்ட கணக்கில் கொக்கியே இல்லை. அதனால் அது பாதிக் கணக்கு.

15 ஜூன், ஞாயிறு, மழை

நீளமாக எழுதப்போகிறேன், வேலை இருக்கிறவர்கள் போகலாம்.

பல வருடம் துளை துளை என்றே அலைந்தேன். ஆறு நானோமீட்டரா பத்தா, எந்தப் பிராண்ட், பரப்பு எவ்வளவு. டிசல்யூஷன் பாத்திரத்தில் 900 மில்லி, துடுப்பு நிமிடத்துக்கு 75 சுற்று, கரையவில்லை என்றால் சோடியம் லாரில் சல்ஃபேட் ஒரு சதவீதம். அதாவது ஷாம்பூத் தண்ணீர். அதில் எது போட்டாலும் கரையும். பதினைந்து நிமிடத்தில் தொண்ணூறு சதவீதம் என்று படம் போட்டு, அதை நம்பி, ஒருமுறை மனிதர்களிடம் பைலட் ஆய்வு வரைக்கும் போனோம். ரத்தத்தில் பார்த்தால் சந்தையில் இருக்கிற மாத்திரையைவிடக் குறைவு. ரிப்போர்ட் வந்த அன்று மீட்டிங் ரூமில் யாரும் பேசவில்லை, ஏசி சத்தம் மட்டும் கேட்டது.

அதற்கப்புறம்தான் ஷாம்பூவை எடுத்துவிட்டுக் குடல் திரவம் மாதிரிச் செய்த கரைசலில், பித்த உப்பும் லெசித்தினும் கொஞ்சமாகப் போட்டது, கம்மி அளவில் பார்த்தேன். மருந்து துளையிலிருந்து குபீரென்று வந்தது. பத்தாவது நிமிடம் உச்சம். இருபதாவது நிமிடத்திலிருந்து விழ ஆரம்பித்து, ஒரு மணி நேரத்தில் ஒன்றும் ஏற்றாத வெறும் மருந்தின் அளவுக்கே வந்துவிட்டது. பாத்திரம் பால் கலந்த மாதிரி வெளுத்துப் போயிருந்தது. வெளியே வந்த மூலக்கூறுகளுக்கு இப்போது இடம் தாராளம். உள்ளே போட முடியாத கோலத்தைத் தெருவில் போட்டுவிட்டன.

இதைத் துறையில் ஸ்பிரிங்கும் பாராசூட்டும் என்பார்கள். துளை ஸ்பிரிங் மட்டும்தான். தாண்டிக் குதிக்க வைக்கும், தாங்கிப் பிடிக்காது. தாங்கிப் பிடிக்க ஒரு பாலிமர் வேண்டும், ஹெச்பிஎம்சி, அல்லது அதன் அசிட்டேட் சக்சினேட் தம்பி. அது படிக விதையின் முகத்தில் ஒட்டிக்கொண்டு வளர விடாமல் செய்யும். அதிகம் வேண்டாம், அரை மணி, ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்தால் போதும், குடல் உறிஞ்சிவிடும். இட்ராகொனசோல் என்ற பூஞ்சை மருந்தின் அசல் கேப்ஸ்யூல் ஸ்போரனாக்ஸைப் பிரித்தால் குட்டிக் குட்டி உருண்டை இருக்கும். சர்க்கரை மணி மேல் மருந்தையும் ஹெச்பிஎம்சியையும் சேர்த்துப் பூசியது. அதில் நுண்துளை ஏற்பாடே கிடையாது, பாலிமர்தான் வேலை செய்கிறது.

ஆக துளை அகலத்துக்கு நான் செலவழித்த நேரத்தில் பாதியை, வெளியே வந்த பிறகு மருந்து என்ன ஆகிறது என்று பார்க்கச் செலவழித்திருக்கலாம். உங்கள் சீனியரிடம் சொல்லுங்கள், அல்லது சொல்லாமல் நீங்களே ஒரு பாத்திரத்தில் சல்ஃபேட் இல்லாமல் ஓட்டிப் பாருங்கள்.

16 ஜூன், காலை, மெட்ரோவில்

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். ஷாம்பூத் தண்ணீர் எப்போதும் தப்பு என்கிற தொனி வந்துவிட்டது. தயாராகும் ஒவ்வொரு பேட்சும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று தரம் பார்க்க அது சரியான கருவிதான், கரைய இடம் தாராளமாக இருந்தால்தான் பேட்சுக்கு பேட்ச் வித்தியாசம் ஒழுங்காகத் தெரியும். உடம்பில் என்ன நடக்கும் என்று அதைக் கேட்கக் கூடாது. எடை போடுகிற தராசிடம் ருசி கேட்ட மாதிரி.

19 ஜூன், இரவு 10.30

"வாசகம் எல்லாம் சரி, இந்த முறையில் மனிதர்களிடம் ஜெயித்த ஒன்றாவது உண்டா?" உண்டு. 2016-இல் வெளிவந்த ஆய்வு. ஃபீனோஃபைப்ரேட், கொழுப்பைக் குறைக்கிற மருந்து. ஒழுங்கான மீசோ துளை சிலிக்காவில் ஏற்றி, வெறும் வயிற்றோடு 12 பேருக்குக் கொடுத்து, சந்தையில் இருந்த நுண்பொடி கேப்ஸ்யூலோடு ஒப்பிட்டார்கள். மருந்தளவுக்குச் சரிசெய்து பார்த்தால் உறிஞ்சப்பட்டது 54 சதவீதம் கூடுதல். ஃபீனோஃபைப்ரேட் அமிலமும் இல்லை, காரமும் இல்லை, சுவர்க் கொக்கியில் பெரிதாக மாட்டாது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

அப்புறம் ஏன் எல்லா மருந்தும் இப்படி வரவில்லை? பெரிய காரணம் இடம். உங்கள் மருந்து 100 மில்லிகிராம், ஏற்றம் இருபத்தைந்து சதவீதம் என்றால் பொடி 400 மில்லிகிராம். ஏற்றிய பொடி லேசானது, மில்லிக்கு 0.3 கிராம் என்று வையுங்கள். 1.3 மில்லி இடம் வேண்டும். மனிதர்கள் வழக்கமாக விழுங்குகிற கேப்ஸ்யூலில் பெரியது டபுள் ஜீரோ, அதில் 0.9 மில்லிதான் பிடிக்கும். ரோலரில் அழுத்திக் குறுக்கலாம், ஆனால் மெல்லிய சுவர்த் துளைகள் நசுங்கும், மருந்து உள்ளேயே மாட்டும், நடுவில் மெத்தை மாதிரி செல்லுலோஸும் உடைக்கிற சரக்கும் போட வேண்டும், அதற்கும் இடம் வேண்டும். கல்யாண வீட்டுக்கு ஒரு கார் எடுத்துக்கொண்டு போகிற கதை. ஐந்து, பத்து மில்லிகிராம் மருந்துக்கு இந்தப் பிரச்சினையே இல்லை.

20 ஜூன், காலை

சிலிக்காவை விட்டு வெளியே வரலாமே என்றவருக்கு: வரலாம். நுண்துளை கால்சியம் கார்பனேட் வயிற்று அமிலத்தில் தானே கரைந்துவிடும், துளைக்குள் மிச்சம் என்ற பேச்சே இல்லை. வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவில் காய்ந்து கெட்டியாகிறதே, அது இந்தக் கார்பனேட்தான். தினமும் அமிலத்தைக் குறைக்கிற ஒமிப்ரசோல் போடுகிறவர் வயிற்றில் அமிலம் எவ்வளவு இருக்கும் என்று யோசித்துவிட்டு இறங்குங்கள்.

22 ஜூன், இரவு 9.45

கேள்வி கேட்ட தம்பி திரும்ப வந்திருக்கிறார். "அக்கா, ஏற்றினேன், இருபது சதவீதம், அமார்ஃபஸ்தான். பிஎச் 6.8-ல் போட்டால் அறுபது சதவீதம் வந்து நின்றுவிடுகிறது, ஆறு மணி நேரம் ஓட்டியும் நகரவில்லை. மருந்து வலுக்குறைந்த காரம், பெயர் சொல்லக் கூடாது."

பெயர் வேண்டாம், காரம் என்றதே போதும். இரண்டு சந்தேகம். ஒன்று, வந்தது வந்து படிகமாகி விழுந்துவிட்டது. இரண்டு, வரவே இல்லை. சிலிக்காச் சுவர் பிஎச் மூன்றுக்கு மேல் எதிர்மின் ஏற்றம் பெறும், கார மருந்து நேர்மின் ஏற்றத்தோடு இருந்தால் இரும்பும் காந்தமும் மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஃபில்டரில் தங்கியதைத் தூக்கிப் போடாதீர்கள். அதை எடுத்து பிஎச் 1.2 அமிலத்தில் போடுங்கள், உடனே கரைந்தால் சுவரில் ஒட்டியிருந்தது என்று அர்த்தம்.

23 ஜூன், காலை 6.30

நேற்று ராத்திரி சொன்னது தப்பு, தூக்கத்தில் எழுதியிருக்கிறேன். அமிலத்தில் போட்டால் ஒட்டியிருந்ததும் வரும், படிகமாக விழுந்ததும் கரையும், கார மருந்து இல்லையா. ஒன்றும் தெரியாது. ஃபில்டர் மிச்சத்தைக் காயவிடாமல், ஈரமாகவே கண்ணாடித் தகட்டில் வைத்து போலரைஸ்டு மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். படிகம் என்றால் இருட்டில் மின்னும், சிலிக்கா மின்னாது.

24 ஜூன், மதியம்

மின்னவில்லை என்கிறார். அப்படியானால் நாற்பது சதவீதம் உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறது. தம்பி, நேரடியாக 6.8-ல் போட்டீர்களா? கேப்ஸ்யூல் வயிற்றைத் தாண்டித்தானே குடலுக்குப் போகும். முதலில் அரை மணி நேரம் அமிலத்தில் ஓட்டிவிட்டு, அப்புறம் 6.8-க்கு மாற்றுங்கள். மாற்றுகிற நேரத்தில் ஹெச்பிஎம்சி போட்ட பாத்திரம் மூன்று, போடாதது மூன்று. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சாம்பிள் எடுங்கள், முதல் ஒரு மணி நேரம் பாத்ரூம்கூடப் போகாதீர்கள், உச்சமும் சரிவும் அதற்குள்தான் இருக்கும். வெள்ளிக்கிழமை எண்களைப் போடுங்கள்.